சிறைக்குள் ஒரு தண்டனை: தென்னாப்பிரிக்காவில் ஒழுங்கு விதிகள் எப்படி மாறின, குடும்பம் எதைக் கேட்க வேண்டும்

"அம்மா, இந்த மாசம் வராதீங்க. விசிட் கட் பண்ணிட்டாங்க."

டர்பன் வெஸ்ட்வில் சிறையிலிருந்து இப்படியொரு போன் வந்தால், டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருக்கும் குடும்பம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறது. ஏதோ தப்புப் பண்ணியிருப்பான் என்று பேசாமல் இருந்துவிடும். இல்லையென்றால் வாசலில் போய் நின்று காவலரோடு சண்டை போடும். இரண்டாலும் பலன் இல்லை. யார் விசாரித்தார், எந்தப் பிரிவின் கீழ், எத்தனை நாள் என்ற மூன்று கேள்விதான் வேலைக்கு ஆகும். கைதி மீது ஓர் அதிகாரி கை வைத்தாலும், அவரைத் தனியே பூட்டினாலும், ஒரு சலுகையை நிறுத்தினாலும் அதைத் தாளில் எழுத வேண்டும், பல நேரங்களில் இன்னொருவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்று இந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. கடந்த அறுபது ஆண்டுகளில் வந்த பெரிய மாற்றமே இதுதான். தண்டனைகள் குறைந்ததைவிட, அவை எழுத்தில் வந்ததுதான் கைதிக்குக் கிடைத்த பிடி.

பழைய சட்டம் எப்படி இருந்தது என்று பார்த்தால் இது தெளிவாகும். 1959-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் சிறைச் சட்டத்தில் சிறைக்குள் செய்யும் குற்றத்துக்குப் பிரம்படி இருந்தது, குறைத்த உணவு இருந்தது, தனிமைச் சிறை இருந்தது. சிறை நிலைமை பற்றித் தவறான செய்தி போட்டால் பத்திரிகைக்காரரே குற்றவாளி; தகவலைச் சரிபார்க்கத் தக்க முயற்சி எடுத்தேன் என்று நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில்தான். உள்ளே என்ன நடந்தாலும் வெளியே தெரியாது. அதற்கு முந்தைய காலம் நம் தமிழ்ச் சமூகத்துக்கே நேரடியாகத் தெரியும். 1909 குளிர்காலத்தில் ஜோகன்னஸ்பர்க் அருகே சாலை போடும் சிறை முகாமில் வேலை வாங்கப்பட்ட சத்தியாக்கிரகி சாமி நாகப்பன், விடுதலையான கொஞ்ச நாளில், ஜூலை 6 அன்று நுரையீரல் அழற்சியால் இறந்தார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவல் அனுபவித்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று காய்ச்சலில் போனார், வயது பதினாறு. இருவருக்கும் ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபான்டெயின் மயானத்தில் நினைவுக்கல் இருக்கிறது.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1995-ல் அரசியல் சாசன நீதிமன்றம், சிறுவர்களுக்கு நீதிமன்றங்கள் விதித்துவந்த கசையடியைச் செல்லாது என்றது. 1996 ஏப்ரலில் சிறைத்துறையின் ராணுவ அமைப்பு கலைக்கப்பட்டது: ராணுவப் பதவிப் பெயர்களும் அணிவகுப்பும் போயின. 1998-ல் 111-ஆம் எண் சீர்திருத்தப் பணிகள் சட்டம் நிறைவேறியது. அது முழுதாக நடைமுறைக்கு வர 2004 ஆகிவிட்டது. 2008-ன் 25-ஆம் எண் திருத்தச் சட்டம் ஒழுங்குப் பகுதியைப் பெரிதாகத் திருத்தியது. 2011-ன் திருத்தம் விசாரணைக் கைதிகளைப் பற்றியது.

ஒழுங்குப் பகுதி 22-ஆம் பிரிவில் தொடங்குகிறது. ஒழுங்கை உறுதியோடு காக்க வேண்டும், ஆனால் பாதுகாப்புக்கும் நல்ல ஒழுங்குக்கும் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். 23-ஆம் பிரிவு குற்றங்களின் பட்டியல். அதிகாரி முறைப்படி கேட்ட கேள்விக்குப் பொய் சொல்வது, சட்டப்படியான கட்டளையை மீறுவது, வசை பாடுவது, மிரட்டுவது, திருட்டு, அடிதடி, பொருளை உடைப்பது, அனுமதியில்லாத பொருளை வைத்திருப்பது, மது, போதைப்பொருள், கலகம் எல்லாம் அதில் வரும். செல்போன் "அனுமதியில்லாத பொருள்" என்ற தலைப்பில்தான் மாட்டும். நடைமுறையில் அடிக்கடி எழும் வழக்கும் அதுவே.

ஒரு செல்போன், ஒரு மெத்தை

நெருக்கடியான பொது அறை என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் படுக்கும் இடம், இரட்டை அடுக்குக் கட்டில்கள். திடீர்ச் சோதனையில் ஒரு மெத்தைக்கு அடியில் போன் அகப்படுகிறது. அந்தக் கட்டிலில் படுப்பவர் மீது குற்றச்சாட்டு. போன் அவருடையதா, 26, 28 என்று எண்ணால் அழைக்கப்படும் சிறைக் கும்பல் ஒன்றுக்குப் பயந்து வைத்துக்கொண்டதா, அவர் குளிக்கப் போன நேரத்தில் வேறொருவர் செருகியதா என்பது யாருக்கும் தெரியாது.

இனி விஷயம் இரண்டு பாதையில் ஏதாவது ஒன்றில் போகும். எந்தப் பாதை என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

முதல் பாதை, சிறைத் தலைவரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ விசாரிப்பது. அங்கே மூன்று தண்டனைதான் உண்டு: கண்டிப்பு, ஒரு மாதத்துக்கு மேற்படாத ஊக்கத்தொகை (உள்ளே செய்யும் வேலைக்குக் கிடைக்கும் சிறு காசு) இழப்பு, ஏழு நாளுக்கு மேற்படாத சலுகைக் குறைப்பு.

இரண்டாவது பாதை, ஒழுங்கு அலுவலர் என்று தனியாக நியமிக்கப்பட்டவர் முன் விசாரணை. அங்கே ஊக்கத்தொகை இழப்பு இரண்டு மாதம் வரை போகும், சலுகைக் குறைப்பு 42 நாள் வரை. பெரிய குற்றமாகவோ மறுபடி மறுபடி செய்ததாகவோ இருந்தால், நடத்தையைத் திருத்தும் குறிப்பிட்ட பயிற்சிக்காகத் தனிப்படுத்தலும், அதோடு மேற்சொன்ன இரண்டு இழப்புகளும் சேரும்.

ஆகவே "பத்து நாள் சலுகை கட்" என்று மகன் சொன்னால், ஒழுங்கு அலுவலர்தான் விசாரித்திருக்க வேண்டும். சிறைத் தலைவர் விசாரித்துப் பத்து நாள் கொடுத்திருந்தால் அது அதிகார வரம்பு மீறல். எண் ஒன்றைக் கேட்டாலே தெரிந்துவிடும் இந்தப் பிழையை யாரும் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம்.

பெரிய தண்டனைக்குப் பெரிய பாதுகாப்பு. ஒழுங்கு அலுவலர் முன் வரும் கைதிக்குக் குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும். விசாரணை முழுதும் அவர் அங்கே இருக்கலாம். நடத்தவே விடாமல் ரகளை செய்தால் மட்டும் வெளியே அனுப்பிவிட்டுத் தொடரலாம். அவர் பேசலாம், சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம், தம் சாட்சியை அழைக்கலாம், சொந்தச் செலவில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம். முடிவுக்குக் காரணத்தைக் கேட்டுப் பெறலாம்.

நம் செல்போன் வழக்கில் இந்த உரிமைகள் எங்கே பயன்படும்? எழுத்தில் வரும் குற்றச்சாட்டில் தேதி, நேரம், அறை எண், பொருள் எங்கே கிடைத்தது என்பது இருக்க வேண்டும். "மெத்தைக்கு அடியில்" என்று எழுதியிருக்கிறதா, "அவர் வசம்" என்று மட்டும் இருக்கிறதா? இரண்டும் வேறு. அந்த அறையில் இருந்த ஒருவரைச் சாட்சியாகக் கேட்கலாம். அவர் வர மறுக்கலாம், கும்பலுக்குப் பயந்தால் நிச்சயம் மறுப்பார். சோதனை செய்தவரிடம், அந்த நேரத்தில் அறைக்குள் யார் யார் போய்வர முடிந்தது என்று கேட்கலாம். போனில் இருந்த சிம் யாருடையது என்று யாராவது பார்த்தார்களா என்று கேட்கலாம். இத்தனை கேட்டாலும் தோற்கலாம். ஆனால் கேட்ட கேள்வி பதிவில் ஏறும், மறுபரிசீலனைக்கு அதுவே சரக்கு.

நடப்பதோ வேறு. சிறிய பாதை விசாரணை சில நிமிடத்தில் முடியும். "ஒத்துக்கோ, ஏழு நாள்தான், முடிஞ்சுபோயிரும்" என்ற தொனி. பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். ஏழு நாள் உண்மையில் சின்னதுதான். ஆனால் தாளில் "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று விழுகிறது. அந்தத் தாள் எங்கே போகிறது என்று தெரிந்தால் பலர் அவ்வளவு லேசாகக் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

பழைய சட்டத்தில் நல்ல நடத்தைக்கு "கிரெடிட்" என்று நாட்கள் சேரும். ஒழுங்கு மீறினால் அவற்றைப் பிடுங்கலாம். 1998 சட்டத்தில் அந்த முறை இல்லை. இப்போது வழக்கு மேலாண்மைக் குழு கைதியின் முழுக் கோப்பையும் தயாரித்துப் பரோல் வாரியத்துக்கு அனுப்புகிறது. பொதுவாக அங்கே தண்டனைக் காலத்தில் பாதி கழிந்தபின் பேச்சு எடுபடும். ஆயுள் தண்டனையானால், 2004-க்குப் பிந்தைய முறையில், 25 ஆண்டு. செல்போன் தாள் அந்தக் கோப்பில் உட்கார்ந்திருக்கும். ஏழு நாள் சலுகைக் குறைப்பு ஆறு ஆண்டு கழித்து "சிறை ஒழுங்கை மீறிய வரலாறு உண்டு" என்று ஒரு வரியாக வெளியே வரும்.

தண்டனை பிடிக்கவில்லை என்றால், கைதி கேட்டுக்கொண்டால் சிறைத்துறையின் தேசிய ஆணையர் நடவடிக்கையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். தனிப்படுத்தல் தண்டனைக்கு இந்த வழி இல்லை. ஆணையர் முடிவை நிலைநிறுத்தலாம், ரத்து செய்யலாம், வேறு உத்தரவு போடலாம். "கேட்டுக்கொண்டால்" என்பதைக் கவனியுங்கள். யாரும் தாமாகச் செய்ய மாட்டார்கள். வேண்டுகோளை எழுத்தில் கொடுத்து, ஒரு நகலைத் தம்மிடம் வைத்துக்கொள்வது நல்லது.

சலுகைக் குறைப்பு என்றால் எல்லாவற்றையும் நிறுத்துவது அல்ல. சட்டப்படி உரிமையாகக் கிடைக்க வேண்டியவை அப்படியே நிற்கும். தினமும் ஒரு மணி நேர உடற்பயிற்சி, மாதத்தில் குறைந்தது ஒரு மணி நேரப் பார்வை நேரம், வழக்கறிஞரோடு ரகசியமாகப் பேசுவது இவை அதற்கு மேலே இருக்கும் சலுகைகள் அல்ல. உணவும் அப்படியே. இரவுச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் இடையே 14 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. முடிந்தவரை மத, பண்பாட்டுத் தேவையையும் பார்க்க வேண்டும். புரட்டாசி மாதம் முழுக்க இறைச்சி தொடாத ஒருவருக்குச் சைவ உணவு கேட்க இதுவே பிடி. அதைச் சலுகை என்று சொல்லி ஒழுங்குத் தண்டனையாகப் பறிக்க முடியாது.

தனிமைச் சிறையும் தனிப்படுத்தலும்

1998 சட்டத்தின் முதல் வடிவில் தனிமைச் சிறை ஒரு தண்டனையாகவே இருந்தது, அதிகபட்சம் 30 நாள். ஆய்வு நீதிபதி, அதாவது சிறைகளை வெளியிலிருந்து மேற்பார்வை செய்யும் நீதிபதி, ஒப்புதல் தந்தபிறகே அதை நிறைவேற்றலாம். 2008 திருத்தம் அந்தத் தண்டனையை எடுத்துவிட்டது. இப்போது இருப்பது 30-ஆம் பிரிவின் தனிப்படுத்தல். அது எப்போதெல்லாம் செல்லும் என்று சட்டமே சொல்கிறது: கைதியே எழுத்தில் கேட்டால், சலுகைக் குறைப்பை நடைமுறைப்படுத்தத் தேவையான அளவுக்கு, மருத்துவர் பரிந்துரைத்தால், கைதி வன்முறை காட்டினாலோ வன்முறை மிரட்டலுக்கு ஆளானாலோ, தப்பிப் பிடிபட்டவர் மீண்டும் தப்புவார் என்று நியாயமான சந்தேகம் இருந்தால், காவல்துறை கேட்டு, நீதி நிர்வாகத்துக்கு வேண்டும் என்று சிறைத் தலைவர் கருதினால். இதற்குள் அடங்காத காரணம் செல்லாது. "கொஞ்சம் திருந்தட்டும்" என்று பூட்டுவது கண்டிப்பாகச் செல்லாது: ஒழுங்கு அலுவலர் விதித்த அந்த ஒரு வகையைத் தவிர, தனிப்படுத்தலைத் தண்டனையாகப் போடவே கூடாது என்று அதே பிரிவு தடுக்கிறது.

மணிக் கணக்கும் சட்டத்திலேயே இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது ஓர் அலுவலர் வந்து பார்க்க வேண்டும். தினமும் ஒரு முறை சிறைத் தலைவர் வர வேண்டும். தினமும் ஒரு முறை செவிலியரோ உளவியலாளரோ மருத்துவரோ உடல்நிலையைப் பார்க்க வேண்டும். உடலுக்கு ஆபத்து என்று அவர்கள் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும். மருத்துவம், வன்முறை, தப்பியோட்டம், காவல்துறை வேண்டுகோள் ஆகிய காரணங்களுக்கு ஏழு நாள்தான் எல்லை. தேசிய ஆணையர் அதை 30 நாள் வரை நீட்டிக்கலாம். ஒவ்வொரு தனிப்படுத்தலையும் உடனே ஆணையருக்கும் ஆய்வு நீதிபதிக்கும் தெரிவித்தாக வேண்டும். கைதி முறையிட்டால் ஆய்வு நீதிபதி 72 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும்.

இங்கே மூன்று இடத்தில் விஷயம் கெட்டுப்போகும். நான்கு மணி நேரப் பார்வைக்குரிய ஏட்டில் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் பல நாள் வரிசையாக நிரம்பியிருந்தால், உட்கார்ந்த இடத்திலேயே எழுதியது என்று சந்தேகிக்கலாம். அடுத்து, ஏழாம் நாள் மாலை கைதியைப் பொது அறைக்கு மாற்றி மறுநாள் மறுபடி பூட்டிவிட்டு, கணக்கைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவது. இது விதியின் கண்ணைக் கட்டும் வேலை. தேதிகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால்தான் தெரியும், அதனால் கைதியோ குடும்பமோ ஒவ்வொரு தேதியையும் குறித்துவைப்பது முக்கியம். மூன்றாவது, ஒழுங்கு விசாரணை நடக்கும்வரை "பாதுகாப்புக்காக" என்று தனியே வைப்பது. வன்முறை இருந்தால் சரி. செல்போன் வைத்திருந்ததற்கு?

ஐநா பொதுச் சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள் தனிமைச் சிறையைப் பெயரை வைத்து அளப்பதில்லை. ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்தால் அது தனிமைச் சிறை; தொடர்ந்து 15 நாளுக்கு மேல் போனால் தடைசெய்யப்பட்டது. இந்த அளவுகோலைப் பார்த்தால், தென்னாப்பிரிக்கச் சட்டம் தனிமைச் சிறையை எடுத்துவிட்டது என்று சொல்வதில் பாதிதான் உண்மை. தனியறையில் நாளில் ஒரு மணி நேரம் தவிர மற்றெல்லா நேரமும் பூட்டியே வைத்தால் சட்டம் அதை எப்படி அழைத்தாலும் மண்டேலா விதிகளின் கணக்கில் அது தனிமைச் சிறையே. குவாசூலு-நட்டாலின் தென்கோடியில் கோக்ஸ்டாட்டில் இருக்கும் எபோங்வெனி அதிபாதுகாப்புச் சிறைக்கு ஒருவரை மாற்றினால் இந்தக் கேள்வி உடனே எழும். டர்பனிலிருந்து அங்கே போய்வர ஒரு முழு நாள் போய்விடும் என்பது தனிக் கதை.

பாதுகாப்பு விதிகள் சுருக்கமாக

கைதியின் பாதுகாப்பு வகை குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று பிரிக்கப்படும். அவரால் எவ்வளவு ஆபத்து என்பதே அளவு. உடல் சோதனையை அதே பாலினத்தவர் செய்ய வேண்டும், மானம் காக்கும்படி. உடல் துவாரங்களைச் சோதிப்பது மருத்துவத் தகுதி உள்ளவர்களின் வேலை. எதையாவது விழுங்கியதாகச் சந்தேகித்தால், அது தானாக வெளியே வரும்வரை அதிகபட்சம் 72 மணி நேரம் தனியறையில் வைக்கலாம். விலங்கைத் தண்டனையாகப் போடக் கூடாது. நீதிமன்றத்தில் விலங்கோடு நிறுத்த அந்த நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

பலப்பிரயோகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தற்காப்பு, பிறரைக் காப்பது, தப்பியோட்டத்தைத் தடுப்பது, சொத்தைக் காப்பது ஆகிய தேவைகளுக்கு, குறைந்தபட்ச அளவில்தான். துப்பாக்கியானால் முதலில் வாய்மொழி எச்சரிக்கை, பின் எச்சரிக்கைச் சூடு, அப்போதும் பலன் இல்லையென்றால் உயிர் போகாத விதத்தில். நேரமே இல்லாத நிலையில் மட்டும் படிகளைத் தாண்டலாம். பலம் பயன்படுத்திய ஒவ்வொரு நிகழ்வையும் ஆய்வு நீதிபதிக்குத் தெரிவிக்க வேண்டும். கைதிக்கு உடனே மருத்துவப் பரிசோதனை வேண்டும். இந்த "உடனே"தான் முதலில் கெடும். ஊமைக்காயம் சில நாளில் நிறம் மாறிப் பிறகு மறையும். வார இறுதியில் செவிலியர் இல்லை என்று தள்ளிப்போட்டால், மருத்துவத் தாளில் "வெளிக்காயம் இல்லை" என்றே வரும். அடிபட்ட மகன் பார்வை நேரத்தில் முதுகைக் காட்டினால், காயத்தின் இடம், அளவு, நிறம் மூன்றையும் வெளியே வந்ததும் தேதியோடு எழுதிவையுங்கள். சித்திரவதை அளவுக்குப் போனால் 2013-ன் 13-ஆம் எண் சித்திரவதைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும்.

யாரிடம் போவது

புகாரையோ வேண்டுகோளையோ சொல்ல ஒவ்வொரு நாளும் வாய்ப்புத் தர வேண்டும், சொன்னதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஜி365 என்று கைதிகள் சொல்வது அந்தப் பதிவேட்டைத்தான். "வாயால சொன்னேன்" என்பது புகார் ஆகாது. பதிலில் திருப்தி இல்லையென்றால் தேசிய ஆணையருக்கு அனுப்பச் சொல்லலாம்.

அடுத்தது ஆய்வு நீதிபதியின் அலுவலகம். அதன் சார்பில் சிறைகளுக்குத் தவறாமல் வரும் சுயேச்சைப் பார்வையாளர் உண்டு. அவர் கைதியோடு தனியே பேசலாம், புகாரைத் தம் குறிப்பேட்டில் எழுதிச் சிறைத் தலைவரோடு பேசித் தொடரலாம். குடும்பமும் அந்த அலுவலகத்துக்கு எழுதலாம். எழுதும்போது கதை வேண்டாம்: கைதியின் பெயர், பதிவு எண், சிறையின் பெயரோடு எந்தப் பகுதி (வெஸ்ட்வில்லில் மீடியம் ஏ, மீடியம் பி என்று தனித்தனி), நிகழ்ந்த தேதி, தண்டனையின் நாள் எண்ணிக்கை, கேட்பது என்ன. ஒரு பக்கம் போதும். இந்த அலுவலகத்தின் செலவு துறையின் கையிலேயே இருந்ததால் போதிய சுதந்திரம் இல்லை என்று 2020 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. அதனால் அதை எல்லாம் வல்லதாக நினைக்கவும் வேண்டாம், ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

தனியார் நடத்தும் சிறையானால் ஒரு வித்தியாசம். அந்தச் சிறையின் இயக்குநர் கைதிக்கு ஒழுங்குத் தண்டனை விதிக்க முடியாது. அது அங்கே அமர்ந்திருக்கும் அரசு அதிகாரியின் வேலை. தாளில் இயக்குநரின் கையெழுத்து இருந்தால் அதையே முதல் வாதமாக வைக்கலாம்.

இன்னும் தீர்ப்பு வராமல் மீடியம் ஏ-யில் கிடப்பவர்களுக்கும் இந்த ஒழுங்கு விதிகள் பொருந்தும். அவர்களுக்குக் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு: விசாரணைக் காவல் இரண்டு ஆண்டைத் தொடும் முன் வழக்கை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சாட்ஸ்வொர்த் அல்லது வெருலம் நீதிமன்றத்தில் வழக்கு எண்ணைக் காட்டி, விசாரணைக் கைதியாகச் சிறையில் முதலில் சேர்த்த தேதியிலிருந்து எண்ணச் சொல்லுங்கள்.